மறியலும் அதன் எல்லையும்

மறியல் என்னும் சொல் 'மறி' என்னும் வினையடியாகப் பிறந்தது. மறித்தலாவது செல்வோரைத் தடுத்தல். ஈழநாட்டுத் தமிழர் வழக்கில் இச்சொற்குக் காவல், சிறை என்னும் பொருள்களும் உண்டு. விசாரணை முடியுமுன் ஒருவரைச் சிறையில் வைத்தலை அவர்கள் இன்றும் 'விளக்கமறியல்' என்றே வழங்குகின்றனர். கடைவாயிலில் நின்று பிறரைத் தடுப்பவன் செய்வதும் மறியல். அவனைப் பிடித்து அரசாங்கத்தார் அடைத்து வைப்பதும் மறியல். ஒரு சொல்லே இருபாலார் செயலையும் குறித்து நிற்றல் நோக்கத்தக்கது. தடுப்பவனைத் தடுக்கும் உரிமை அரசாங்கத்திற்கு எவ்விடத்தே தொடங்குகின்றது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாம்.

இஃது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை என்னும் ஊர்களைச் சூழ்ந்த எங்கள் சீமை வானம் பார்த்த பூமி. குண்டாறு மழைக்காலத்தன்றி நீர் காணாது. கண்மாய் வறண்டு, குழாயிலும் தண்ணீர் வாராத நாட்களில் பெண்மக்கள் காலிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு பேருந்துச் சாலையில் வந்து அமர்தல் இச்சீமையார் நன்கறிந்த காட்சி. அதிகாரி ஒருவர் வந்து வாக்குக் கொடுத்தபின் அவர்கள் எழுந்து போவர். சிலவேளைகளில் அவர்கள்மீது வழக்குப் பதியப்படுதலும் உண்டு. அவர்கள் செய்தது முறையீடா, குற்றமா? இதற்கு விடை கூறுதற்குச் சட்டம் கடந்துவந்த வழியைச் சிறிது அறிதல் வேண்டும்.

மடலும் வடக்கிருத்தலும்

பிறர் மனத்தை மாற்றும்பொருட்டு ஒருவன் தன் துன்பத்தை ஊரறியக் காட்டுதல் தமிழர்க்குப் புதிதன்று. பண்டை நூல்களில் அதற்கு இருவேறு வழிகள் காணப்படுகின்றன. அவற்றுள் ஒன்று மடலேறுதல். காதலியைப் பெறாத தலைவன் பனைமடலாற் குதிரை செய்து, எருக்கமாலை சூடி, அவளுடைய ஊர்த்தெருவில் அதன்மேல் ஊர்ந்து வருவான். ஊரார் திரண்டு பார்ப்பர், அலர் எழும், பெண்வீட்டார் நாணத்தால் உடன்படுவர். இங்கே பெண்ணின் மனமும் பெற்றோர் மனமும் அன்பினால் இளகவில்லை. பழிக்கு அஞ்சிப் பணிந்தன. தொல்காப்பியர் இச்செயலைப் பொருந்தாக் காமமாகிய பெருந்திணையுள் வைத்தனர். ஆயின் மடலேறுவேன் என்று தலைவன் வாயாற் சொல்லுதற்குக் களவியலுள் இடமளித்தனர். சொல்லுதல் ஒன்று, ஏறுதல் மற்றொன்று என்று அவர் பிரித்த இப்பிரிவு நம் ஆராய்ச்சிக்கு ஒரு விளக்கு.

மற்றொன்று வடக்கிருத்தல். மக்கள் தன்மேற் போருக்கு எழுந்தமையால் உளம் நொந்த கோப்பெருஞ்சோழன் உணவு துறந்து வடக்கிருந்து உயிர் நீத்தான்; பாண்டிநாட்டுப் பிசிராந்தையார் அவனை நாடிவந்து உடன் உயிர் துறந்தார். சோழன் எவர் வாயிலையும் அடைக்கவில்லை. எவர் வழியையும் மறிக்கவில்லை. தன் உடம்பொன்றையே ஒறுத்தான். நம் சீமைக்கு அடுத்த விருதுநகரில் 1956-ஆம் ஆண்டு, சென்னை இராச்சியத்திற்குத் தமிழ்நாடு என்று பெயரிடவேண்டும் என்பது முதலாய வேண்டுகோள்களை முன்வைத்து உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சங்கரலிங்கனார் செயலும் இவ்வகையினதே. அப்பெயர் மாற்றம் 1969-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நடைமுறைக்கு வந்தது.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒன்றும் இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டுக் கடற்கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ ஒரு வழக்கத்தைக் கூறுகின்றார். கடன்பட்டவன் பலகாலும் தவணை சொல்லி ஏய்ப்பானாயின், கடன் கொடுத்தவன் அவனைச் சுற்றி நிலத்தில் ஒரு வட்டம் வரைவான். கடனைத் தீர்த்தோ பிணை கொடுத்தோ அன்றிக் கடன்பட்டவன் அவ்வட்டத்தைக் கடத்தல் கூடாது. கடந்தால் கடுந்தண்டம் உண்டு. அயல்நாட்டு வணிகன் ஒருவன் அரசனையே இவ்வாறு வளைத்தனன் என்றும், அரசன் பணம் வந்து சேரும்வரை வட்டத்துள்ளேயே நின்றனன் என்றும் அவர் எழுதினார். எளியவன் வலியவனைத் தடுத்து நிறுத்துதற்கு அக்காலத்து நீதிமுறையே ஒரு கருவி தந்திருந்தது. அதுவே இன்று செய்யப்படின் முறையற்ற அடைத்துவைத்தல் என்னும் குற்றமாகும். எனவே எல்லைக்கோடு காலந்தோறும் இடம் மாறி வந்திருக்கின்றது என்பது பெறப்படும்.

வடநாட்டார் 'தர்ணா' என்று வழங்குவதும் இவ்வினத்ததே. கடன்காரன் வாயிலில் ஒருவன் உண்ணாது கிடந்து, தெய்வக் குற்றம் வரும் என்னும் அச்சத்தை ஊட்டிப் பணம் பெறுவான். 1860-ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 508-ஆம் பிரிவு இதனைக் குற்றமாக்கியது. பிறர் வாயிலில் தர்ணா கிடப்பதையே அப்பிரிவு தன் முதல் எடுத்துக்காட்டாகக் கொண்டது. 2024-ஆம் ஆண்டு சூலை முதல்நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சங்கிதையிலும் இக்குற்றம் 354-ஆம் பிரிவாக நிற்கின்றது. இன்று தர்ணா என்னும் சொல் அரசியல் ஆர்ப்பாட்டத்திற்கு நற்பெயராக வழங்கினும், அதன் பழம்பொருள் அச்சுறுத்தலே என்பதை மறத்தல் ஆகாது.

1932-ஆம் ஆண்டுச் சட்டம்

நிற்க. மறியலை நேராக நோக்கி எழுந்த சட்டங்கள் நாட்டு விடுதலைப் போராட்டத்தின்போது தோன்றின. 1930-ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகம் பரவியபோது கள்ளுக்கடை வாயில்களிலும் அயல்நாட்டுத் துணிக்கடை வாயில்களிலும் தொண்டர்கள் நின்றனர். அவ்வாண்டிலேயே அரசப்பிரதிநிதி இர்வின் பிரபு அச்சுறுத்தல் தடை அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தார். 1931-ஆம் ஆண்டு மார்ச்சு 5-ஆம் நாள் முடிந்த காந்தி–இர்வின் உடன்பாட்டில் மறியலுக்குத் தனியிடம் தரப்பட்டது. அமைதியான மறியல் நடக்கலாம். வற்புறுத்தல், அச்சுறுத்தல், வழி தடுத்தல், பகைமை காட்டும் ஆர்ப்பாட்டம், பொதுமக்களுக்கு இடையூறு ஆகியவை அதன்கண் இருத்தலாகா. இவை நிகழும் ஊரில் மறியல் நிறுத்தி வைக்கப்படும் என்பதே அதன் சாரம். ஆள்வோரும் அவரை எதிர்த்தோரும் ஒருங்கே கையொப்பமிட்டு மறியலுக்கு எல்லை வகுத்துக்கொண்டமை வரலாற்றில் அருமையாகவே காணத்தக்கது.

அவ்வுடன்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை. 1932-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே துன்புறுத்தல், பகிட்காரம் ஆகியவற்றைத் தடுக்கும் அவசரச் சட்டம் வந்தது. அவ்வாண்டின் இறுதியில் அது குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம் என்னும் பெயரால் 23-ஆம் எண்ணுள்ள சட்டத்துள் இடம்பெற்றது. அதன் ஏழாம் பிரிவே நாம் கருத்தூன்றிப் படிக்கவேண்டிய பகுதி.

அப்பிரிவு இரு கூறுடையது. தனக்கு உரிமையுள்ள ஒன்றைச் செய்யாதிருக்கும்படியோ, செய்யாதிருக்க உரிமையுள்ள ஒன்றைச் செய்யும்படியோ ஒருவரைத் திருப்பவேண்டும் என்னும் எண்ணத்துடன், அவரையேனும் அவர் குடும்பத்தாரையேனும் வேலையாட்களையேனும் தடுத்தல், வன்முறை செய்தல், அச்சுறுத்தல், அவர்கள் வாழும் இடத்தும் தொழில் செய்யும் இடத்தும் அருகே நின்று திரிதல், இடம்விட்டு இடம் விடாது பின்தொடர்தல், உடைமையிற் கைவைத்தல் ஆகியன முதற்கூற்றின்படி குற்றம். கடைக்கு வருவோர் அஞ்சி அகலும்படி அதன் அருகே நின்று திரிதல் இரண்டாங் கூற்றின்படி குற்றம். தண்டம் ஆறு திங்கள் வரையிற் சிறை, அல்லது ஐந்நூறு ரூபாய் வரையில் அபராதம், அல்லது இரண்டும். உள்நாட்டுக் கைத்தொழிலை ஊக்குவித்தலும் மதுவிலக்கை எடுத்துரைத்தலும், மேற்கூறிய செயல்கள் கலவாதவிடத்துக் குற்றமாகா என்று ஒரு விளக்கமும் சேர்க்கப்பெற்றது. காவல்நிலையப் பொறுப்பதிகாரியின் பதவிக்குத் தாழாத ஒருவர் எழுத்து மூலம் அறிக்கை தந்தாலன்றி நீதிமன்றம் இவ்வழக்கை ஏற்றல் ஆகாது என்பதும் அதனுள் உண்டு.

இச்சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி நோக்கின் ஓர் உண்மை புலப்படும். தடுத்தல், வன்முறை, அச்சுறுத்தல், விடாது பின்தொடர்தல் என்பன கண்ணாற் காணத்தக்க செயல்கள், சாட்சி கூறத்தக்கன. அருகே நிற்றல் அத்தன்மையதன்று. ஆலமரத்தடியில் நிற்பவனும் நிற்கின்றான். மறியல் செய்பவனும் நிற்கின்றான். வேறுபாடு அவன் எண்ணத்தில் மட்டும் உளது. வருவோனிடம் பேசி அவன் கருத்தை மாற்ற நிற்கின்றானோ, அவனை அஞ்சுவிக்க நிற்கின்றானோ என்பதை முதற்கண் தீர்மானிப்பவர் எதிரே நிற்கும் காவலர். சட்டத்தின் வலியும் அதன் ஊறும் இவ்வொரு சொல்லிலேயே அடங்கிக் கிடக்கின்றன.

வாள் கைமாறியது

மூன்றாண்டிற்கென்று வந்த அச்சட்டத்தின் கால எல்லை 1935-இல் நீக்கப்பட்டது. பின்னர் நிகழ்ந்ததே நாம் சிறப்பாக எண்ணத்தக்கது. 1937-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் காங்கிரசுக் கட்சி ஆட்சி ஏற்றது, இராசகோபாலாச்சாரியார் முதலமைச்சரானார். 1938-ஆம் ஆண்டு ஏப்ரலில் 125 உயர்நிலைப்பள்ளிகளில் இந்தியைக் கட்டாய பாடமாக்கும் ஆணை வெளிவந்தது. அதனை எதிர்த்தோர் முதலமைச்சர் இல்லத்தின் முன்னும், சென்னை இந்து தியாலஜிகல் உயர்நிலைப்பள்ளியின் முன்னும் மறியல் செய்தனர். எச்சட்டத்தை அயலாட்சி காங்கிரசுத் தொண்டர்மீது ஏவியதோ அச்சட்டத்தின் அதே ஏழாம் பிரிவைக் காங்கிரசு ஆட்சியே தமிழ்த் தொண்டர்மீது ஏவியது.

ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறை புகுந்தனர். அவருள் பெண்டிரும் இருந்தனர்; அவர்தம் கைக்குழந்தைகளும் உடன் சென்றன. 1938-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டிற்கு மறுநாள் டாக்டர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் முதலாயினோர் அப்பள்ளியின் முன் மறியல் செய்து தண்டனை பெற்றனர். பெண்களை மறியலுக்குத் தூண்டினார் என்று ஈ. வெ. இராமசாமிப் பெரியார்மீது வழக்குத் தொடரப்பட்டது. டிசம்பரில் அவர்க்கு ஓராண்டுக் கடுங்காவலும் ஆயிரம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. சிறைப்பட்ட நடராசன் 1939-ஆம் ஆண்டு சனவரியிலும், தாளமுத்து மார்ச்சிலும் உயிர் நீத்தனர். 1940-ஆம் ஆண்டு பிப்ரவரியிற் கட்டாய இந்தி ஆணை திரும்பப் பெறப்பட்டது. சென்னை எழும்பூரில் அவ்விருவர் பெயரும் இணைந்த மாளிகை இன்றும் நிற்கின்றது.

இவ்வரலாற்றில் இரு பகுதிகளைப் பிரித்து நோக்குதல் நேர்மை. பள்ளிவாயிலில் நின்றவர் பொது ஆணை ஒன்று நிறைவேறும் இடத்தில் நின்றனர். முதலமைச்சர் இல்லத்தின்முன் நின்றவர் ஒருவர் உறங்கும் இடத்தின் அருகே நின்றனர். முன்னதைக் காட்டிலும் பின்னதற்கு எல்லை குறுகியதாக இருத்தல் தகும். ஆயின் சட்டம் இரண்டையும் ஒரே கோலால் அளந்தது. அமைதியாக நின்று குரல் கொடுத்தவனையும் வழிமறித்து அச்சுறுத்தியவனையும் ஒரே பிரிவினுட் கொணர்ந்தது. பகைவன்மேல் வீசச் செய்த வாள் உறையிற் கிடக்கும்வரை அடுத்துவரும் கைக்கும் அது பயன்படும். நம் கட்சிக்கு வேண்டாத சட்டம் என்று ஒன்றைக் கண்டித்தவர், நம் கட்சி ஆளும்போது அதனை நீக்குதலே அக்கண்டனம் மெய் என்பதற்குச் சான்றாம்.

பிறநாட்டார் கண்ட நெறி

இவ்விடர் நமக்கே உரியதன்று. 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்கள் பலவற்றிற்கு முன்மாதிரி இங்கிலாந்தில் 1875-ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற சட்டத்தில் உண்டு. தொழிலாளர் ஒருவர் இல்லத்தையோ தொழிலிடத்தையோ காவல் காத்து வளைந்து நிற்றலும், விடாது பின்தொடர்தலும் அதன்படி குற்றம். செய்தி கூறுதற்கு மட்டும் நிற்றல் குற்றமன்று என்று அச்சட்டமே விலக்களித்தது. எனினும் 1890-களில் எழுந்த லையன்சு–வில்கின்சு வழக்கில், ஒருவரை இணங்கச் செய்தற்காக நிற்றல் அவ்விலக்கில் அடங்காது என்று நீதிபதிகள் கூறிவிட்டனர். 1906-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்பூசலில் அமைதியாக இணங்கக் கூறுதற்கு நிற்றலை வெளிப்படையாக அனுமதித்து அதனைத் திருத்தியது. செய்தி கூறல், இணங்கக் கூறல், அஞ்சுவித்தல் என்னும் மூன்று படிகளுள் கோடு எங்கே விழும் என்பதே அந்நாட்டாரது முப்பதாண்டுப் பூசலாயிற்று.

1997-ஆம் ஆண்டு பிரித்தானிய நாட்டில் தொல்லையினின்று காக்கும் சட்டம் ஒன்று வந்தது. தனியொருவரை விடாது பின்தொடர்ந்து அலைக்கழிப்போரை அடக்குதற்கென்றே அது பெரிதும் கருதப்பட்டது. ஆயின் அவ்வாண்டிலேயே, விலங்குகளைக்கொண்டு சோதனை நடத்தும் ஹன்டிங்டன் ஆய்வு நிறுவனம் தன்னை எதிர்த்து இயக்கம் நடத்துவோர்மீது அச்சட்டத்தின்வழித் தடையாணை வேண்டியது. பொதுநலப் பொருள்களைப் பற்றிய விவாதத்தையும் அரசியல் எதிர்ப்பையும் ஒடுக்குதற்கு அச்சட்டம் கருதப்பட்டதன்று என்று நீதிபதி ஈடி அவ்வழக்கில் எச்சரித்தனர். மறுபுறத்தே அவ்வியக்கத்தாருட் சிலர் செய்தனவும் சிறியன அல்ல. ஊழியர் வீடுகளுக்கு மிரட்டல்கள் சென்றன. இதே நோக்குடைய வேறொரு பூசலில் 2004-ஆம் ஆண்டு பண்ணை நடத்திய குடும்பத்தாரின் உறவினர் ஒருவரது கல்லறை தோண்டப்பட்டது. செய்தோர் 2006-ஆம் ஆண்டு நெடுஞ்சிறை பெற்றனர். 2005-ஆம் ஆண்டு அத்தொல்லைச் சட்டம் விரிக்கப்பெற்றது. ஒருவரைத் தம் உரிமைச் செயலினின்று திருப்பும் நோக்கத்துடன் பலரைத் தொல்லைப்படுத்துதலும் அதனுள் வந்தது. நம் 1932-ஆம் ஆண்டுப் பிரிவின் குரல் இதில் மீண்டும் ஒலித்தலை உணரலாம்.

அமெரிக்க நாட்டு உச்சநீதிமன்றம் 1988-ஆம் ஆண்டு பிரிசுபி–சுல்சு வழக்கில் இடத்தை நோக்கி ஒரு கோடு கீறியது. மருத்துவர் ஒருவர் வீட்டின்முன் கூடிநின்ற எதிர்ப்பாளர் பொருட்டு ஊராட்சி ஒரு தடைவிதி செய்தது. அவ்வூர்த் தெருக்களில் ஊர்வலம் போகலாம், வீடுதோறும் சென்று பேசலாம், துண்டறிக்கை வழங்கலாம். ஒரே வீட்டைக் குறிவைத்து அதன்முன் நிற்றல் மட்டும் தடுக்கப்படலாம் என்பது அத்தீர்ப்பின் முடிவு. கேட்க விரும்பாதவன் வேறெங்கும் ஒதுங்கிச் செல்லலாம். தன் வீட்டினின்று எங்கே ஒதுங்குவான் என்பது அதன் கருத்து.

இன்றைய இந்திய நெறி

நம் அரசியலமைப்பின் 19-ஆம் உறுப்பு பேச்சுரிமையையும், ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையையும் குடிமக்கட்குத் தந்தது. பொது ஒழுங்கு முதலாயவற்றின் பொருட்டு நியாயமான கட்டுப்பாடுகள் விதித்தற்கும் இடம் வைத்தது. 1962-ஆம் ஆண்டு காமேசுவர் பிரசாத் வழக்கில், அமைதியான ஆர்ப்பாட்டமும் ஒருவகைப் பேச்சே என்று உச்சநீதிமன்றம் தெளித்தது. 1972-ஆம் ஆண்டு இம்மத்லால் சா வழக்கில், பொதுத்தெருவிற் கூட்டம் நடத்துதலை அரசு ஒழுங்குபடுத்தலாமேயன்றி முற்றும் விலக்கலாகாது என்றது.

2017-ஆம் ஆண்டு தில்லி சந்தர் மந்தரில் ஆர்ப்பாட்டங்கள் பசுமைத் தீர்ப்பாயத்தாற் பேரொலி காரணமாகத் தடுக்கப்பட்டன. அங்கே வாழ்வோர் உறக்கமும் அமைதியும் இழந்தனர் என்பதே வழக்கு. 2018-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் வாழ்வோர் உரிமையையும் ஏற்றது. ஆர்ப்பாட்டம் செய்வோர் உரிமையையும் ஏற்றது. முழுத்தடை வேண்டா, முறைவகுத்து நடத்துக என்று பணித்தது. 2020-ஆம் ஆண்டு சாகீன்பாக் பற்றிய தீர்ப்பில், பொதுவழியை வரையறையின்றி அடைத்து அமர்தல் தகாது என்றது. அகப்பொருளுக்கு நிலமும் பொழுதும் முதற்பொருளானாற்போல, எதிர்ப்புரிமைக்கும் இடமும் காலமும் முதலாயின என்று இத்தீர்ப்புகளின் போக்கைச் சுருக்கிக் கூறலாம்.

தமிழ்நாட்டை நோக்குவோமாயின் 1932-ஆம் ஆண்டின் ஏழாம் பிரிவு பழங்கதையாகிவிடவில்லை. அண்மை ஆண்டுகளிலும் ஆர்ப்பாட்ட வழக்குகளில் அது பிற பிரிவுகளுடன் சேர்த்து எழுதப்பட்டமையை உயர்நீதிமன்ற ஆணைகளிற் காணலாம். 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் நெடுஞ்சாலைகளை அடுத்த மதுக்கடைகளை அகற்றுமாறு உச்சநீதிமன்றம் பணித்தபின், குடியிருப்புகளுக்கு நடுவே கடைகள் திறக்கப்படுவதை எதிர்த்து 2017-இல் தமிழகமெங்கும் பெண்கள் கடைவாயிலில் திரண்டனர். கள்ளுக்கடை மறியலை அடக்க எழுந்த சட்டம் இன்றும் நூலில் இருக்க, அதே வாயிலில் அப்பெண்களின் பேத்திமார் வந்து நின்றனர் என்னலாம். 2018-ஆம் ஆண்டு சீவானந்தம் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம், வன்முறையற்ற எதிர்ப்பைச் சட்டவிரோதக் கூட்டமாகக் கருதி வழக்குத் தொடுத்தல் ஆகாது என்று கூறிக் காவற்றுறைக்கு நெறிகள் வகுத்தது.

ஓர் எடுத்துக்காட்டு

இவற்றையெல்லாம் ஒருங்குவைத்து, நம் சீமையில் ஓர் ஊரைக் கற்பனையாகக் கொண்டு ஆராய்வாம். அவ்வூர்க்கு இருபது நாளாகக் குடிநீர் வரவில்லை. ஊர்ப்பெண்கள் குடங்களுடன் புறப்படுகின்றனர்.

முதற்படியாக, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் முன், வருவோர் போவோர்க்கு வழிவிட்டு, குடங்களைக் கவிழ்த்து வைத்து முழங்குகின்றனர். இது முறையீடு. அதிகாரி காதிற்கு இது கசத்தல் கூடும், கசத்தல் ஊறன்று. கசப்பான சொல்லையும் கேட்டுத் தாங்குதலை வள்ளுவர் இறைமாட்சியுள் வைத்ததும் இதுபற்றியே.

இரண்டாம் படியாக, பேருந்துச் சாலையில் அமர்கின்றனர். இங்கே தண்ணீர் தராத குற்றம் யாதும் செய்யாத பயணிகள் தடைப்படுகின்றனர். பாரதிய நியாய சங்கிதையின் 126-ஆம் பிரிவின்படி முறையற்ற தடுத்தலுக்கு ஒரு திங்கள் வரையிற் சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரையில் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சிறிதுநேரம் அமர்ந்து எழுதலுக்கும், நாள் முழுதும் அடைத்து நோயாளியின் வண்டியையும் மறித்தலுக்கும் வேறுபாடு பெரிது. முன்னதை அதிகாரிகள் பேச்சால் தீர்த்தல் அறிவுடைமை. பின்னதைச் சட்டம் பொறுத்தல் இயலாது.

மூன்றாம் படியாக, பொறியாளர் ஒருவரது வீட்டின்முன் இரவில் திரளுகின்றனர். அலுவலகத்தில் அவர் அரசின் உறுப்பு. வீட்டில் அவர் ஒரு குடிமகன். அவர் மனைவியும் முதிய தாயும் கேட்கும்படி முழங்குதலால் குழாயில் ஒரு துளியும் கூடுதலாக வாராது. இங்கே முறையீடு தொல்லையாக மாறுகின்றது.

நான்காம் படியாக, அவர் மகளைப் பள்ளிவரை பின்தொடர்ந்து ஏசுகின்றனர். உன் தந்தை பணியாவிடின் பார் என்கின்றனர். இது முறையீட்டின் நிழலும் இல்லாத அச்சுறுத்தல். 1932-ஆம் ஆண்டுச் சட்டமும் 351-ஆம் பிரிவும் இதனைப் பற்றுதலில் எவர்க்கும் வழக்கு இருத்தல் ஆகாது.

இந்நான்கு படிகளிலும் கோரிக்கை ஒன்றே. அதன் நியாயமும் ஒன்றே. ஆகவே எல்லையைக் காட்டுவது கோரிக்கையின் நியாயம் அன்று; எதிரே இருப்பவர்க்கு எஞ்சும் உரிமையே. முதற்படியில் அதிகாரி சொல்லைக் கேட்டபின்னும் ஆம் என்றோ இல்லை என்றோ கூறும் உரிமை அவர்க்கு எஞ்சுகின்றது. நான்காம் படியில் அது எஞ்சவில்லை. தொல்காப்பியர் மடல் கூறுதலையும் மடல் ஏறுதலையும் பிரித்த நுண்மை இதுவே: கூறுதல் பிறர் உள்ளத்தை நோக்கியது; ஏறுதல் பிறரது நாணத்தையும் அச்சத்தையும் நோக்கியது.

முடிபு

இதனால் இருபாலார்க்கும் கடமை பிறக்கின்றது. எதிர்ப்பவர் தம் எல்லையைக் காவலர் வந்து காட்டுமுன் தாமே கீறிக்கொள்ளல் வேண்டும். வழியை முழுதும் அடையாமை, வீட்டையும் குடும்பத்தையும் தொடாமை, உறங்கும் பொழுதை விலக்கல், கைமேற் கை வையாமை ஆகிய நான்கும் காக்கப்படின் பெரும்பாலும் வழக்கிற்கு இடமிராது. இருப்பினும் அது நிலைத்தல் அரிது.

ஆள்வோர்க்கு உரிய கடமை இதனினும் பெரிது. தொல்லையைத் தடுக்கும் சட்டம் வேண்டுவதே. அஃதின்றேல் எளிய ஊழியனுக்கும் அவன் குழந்தைக்கும் காப்பில்லை. ஆயின் அது செயலைத் தண்டித்தல் வேண்டும். நிற்றலை மட்டும் தண்டித்தல் ஆகாது. அருகே நிற்றல் என்னும் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, குடத்தைக் கவிழ்த்து வைத்து நிற்கும் பெண்ணையும், குழந்தையைப் பின்தொடர்ந்து மிரட்டும் ஆடவனையும் ஒரே ஏட்டிற் பதியும் அரசு, மெய்யான தொல்லையை அடக்கும் வலியையும் இழக்கும். எல்லாரையும் குற்றவாளி என்று எழுதும் ஏட்டில் குற்றவாளி யார் என்பது தெரியாது.

வாயிலில் நிற்பவன் ஏன் நிற்கின்றான் என்று கேட்பது ஆள்வோர் செய்யவேண்டும் முதற்செயல். வழியை விட்டு நிற்கின்றானா என்று நோக்குவது இரண்டாவது. இவ்விரண்டையும் செய்தபின்னரே சட்டநூலைத் திறத்தல் தகும். நீர் வேண்டி நிற்கும் ஊர்க்கு நீர் வருமாயின் அந்நூலைத் திறத்தற்கே தேவை நேராது.